பிரம்பு போனதால் பிள்ளைகள் கெடவில்லை

"கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த காலம் போனது, கூடவே ஒழுக்கமும் போனது என்கிறார்கள். ஜவ்வாது மலையைப் பற்றிப் பேசும்போது இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: மலைப் பிள்ளைகளுக்கு அடிதான் புரியும். இந்த வாதத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு துண்டும் தேறாது.

தடை வந்த பிறகுதான் கெட்டது என்கிறார்களே, தமிழ்நாட்டில் கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கியது 2003-இல். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு மனத்தளவில் துன்புறுத்துவதையும் சேர்த்துத் தடுத்தது. அதற்குப் பிறகும் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, தடையை நடைமுறைப்படுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. பிரம்பு உண்மையிலேயே போயிருந்தால் இதற்கு என்ன தேவை? வன்முறையையே எடுத்துக்கொள்வோம்: 2023-இல் நாங்குநேரியில் சக மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்களுக்கு அரிவாளைக் கொடுத்தது சாதி. ஆசிரியர் கையில் பிரம்பு இருந்திருந்தால் அது நின்றிருக்கும் என்று யாராவது மனசாட்சியோடு சொல்ல முடியுமா?

இனி மலைப் பிள்ளைகள். இங்கே அதிகம் கேட்கும் புகார்கள் எவை? தாமதமாக வருகிறான், சொல்லாமல் நின்றுவிடுகிறாள், திருவிழாவுக்கு ஊருக்குப் போனவன் விடுதிக்குத் திரும்பவில்லை, கேட்டால் வாயைத் திறப்பதில்லை. காரணத்தைப் பாருங்கள்: சாமை அறுப்பு நேரத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும். புளி உலுக்கும்போது பொறுக்க இன்னும் இரண்டு கை வேண்டும். அப்பா அம்மா வெளி மாநிலத்துக்கு வேலைக்குக் கிளம்பினால் பிள்ளையும் மூட்டையோடு ஏறிவிடுகிறது. நான்கு நாள் கழித்து வந்து நிற்கும் சிறுமியை வாசலில் முட்டி போட வைத்தால் மறுநாள் அவள் வரமாட்டாள். ஊர் ஊராகப் போய்த் தேடி அழைத்துவர வேண்டியது அதே ஆசிரியர்தான். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வீட்டு மொழியும் தமிழ்தான். ஆனால் அவர்கள் பேசும் விதத்தை வகுப்பில் கேலி செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அந்த மௌனத்தைத்தான் திமிர் என்கிறோம்.

பள்ளியை விட்டு நின்றவன் எங்கே போகிறான் என்பதும் நமக்குத் தெரியும். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திரக் காவல்துறை சுட்டுக் கொன்ற தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். இந்த மலையில் ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து விரட்டுவது சின்ன விஷயமல்ல.

பிரம்புக்குப் பதிலாகப் பாராட்டிப் பாராட்டி வழிக்குக் கொண்டுவருவது லஞ்சம் என்பது அடுத்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளிடம் 'வரைந்தால் பரிசு' என்று முன்கூட்டியே சொன்னால், பிறகு அந்த ஆசை குறைகிறது என்று 1973-இலேயே உளவியலாளர் லெப்பரும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். ஆனால் நான் சொல்லும், பள்ளி முழுவதற்குமான நன்னடத்தை முறை என்பது மிட்டாய் கொடுப்பதல்ல. 1990-களில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் உருவான இந்த முறையில், எதிர்பார்க்கும் நாலைந்து நடத்தைகளைப் பாடம் போலவே சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளியில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்கள். சிக்கல் எங்கே, எப்போது வருகிறது என்று குறித்துவைக்கிறார்கள். மேரிலாந்தில் 37 தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாண்டு சோதித்தபோது, இடைநீக்கங்கள் குறைந்தன.

உண்டு உறைவிடப் பள்ளியின் குழாயடியை நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் தட்டோடு ஓடிவரும் கூட்டம்; குழாய்களோ சில. பெரியவன் சின்னவனை இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் போகிறான். பிரம்போடு ஒருவர் நின்றால், அவர் நிற்கும்வரைதான் வரிசை. சின்ன வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னதாக விட்டுப் பாருங்கள். ஜூன் முதல் வாரத்தில் குழாயடியிலேயே வரிசை நின்று பழக்குங்கள். ஆசிரியர், காப்பாளர், சமையலர் மூவரும் ஒரே சொல்லைச் சொல்லட்டும். "தம்பிக்கு வழி விட்டியே, நல்லதுப்பா" என்று அங்கேயே, அப்போதே சொன்னால் அதில் லஞ்சம் எங்கே இருக்கிறது? 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு வந்த 'மகிழ் முற்றம்' மாணவர் குழுக்களை இதற்கே பயன்படுத்தலாம். விளையாட்டில் வென்ற குழுவுக்குத் தரும் அதே மதிப்பை, வராமல் நின்ற தோழியைத் திரும்ப அழைத்துவந்த குழுவுக்கும் தர வேண்டும்.

'ஒன்றிரண்டு பேருக்கு டி.சி. கொடுத்தால் மற்றவர்கள் திருந்துவார்கள்' என்போருக்கு ஒரே பதில்: எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு.

கடைசியாக, 'இதற்கெல்லாம் ஆள் எங்கே, நேரம் எங்கே' என்கிறார்கள். ஆள் பற்றாக்குறை நியாயமான குறைதான். மலைப் பள்ளியில் காலியிடம் கிடந்தால் அரசு நிரப்பியே ஆக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழு அதைத் தீர்மானமாகவே போட்டு அனுப்பலாம். நேரமோ இப்போதும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது: தினமும் அதே குழாயடியில், அதே பையனை அதட்டுவதில்.