கண்ணாடிக் கிண்ணமும் கறுப்புப் புள்ளியும்

விடுமுறை நாளில் ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து பாலங் கடந்து சிராங்கூன் சாலைக்கு வரும் நம்மவர் பலர், மளிகையோடு மருந்தும் வாங்கித் திரும்புகின்றனர். அண்மையில் தேக்காவுக்கு அருகே ஒரு சந்தில் நம் கையிலும் ஒரு துண்டுப் பிரசுரம் திணிக்கப்பட்டது. தோல் புற்றுநோயை ஹோமியோபதி மூலிகை கொல்லுமாம். ஆராய்ச்சிச் சாலையிலே நிரூபணமாகிவிட்டதாம்! உடன் வந்த தோட்டத் தொழிலாளி ஒருவர், தம் உள்ளங்காலில் பரவிவரும் கறுப்புப் புள்ளியைக் காட்டி, “கிராணி ஐயா, இங்கிலீஷ் படிச்சவங்க நீங்க, இது மெய்தானுங்களா?” என்று வினவினார். அவ்வினாவுக்கு விடையிறுப்பது நம் கடமை.

ஆராய்ச்சி நடந்தது பொய்யன்று. மேற்கு வங்கத்துக் கல்யாணிப் பல்கலைக்கழகத்தில் அனிசுர் ரஹ்மான் குதா புக்ஷ் என்பாரின் குழுவினர், துஜா மரத்தின் சாற்றைப் பற்றி 2011லும், பைட்டோலக்காச் செடியின் சாற்றைப் பற்றி 2013லும் கட்டுரைகள் வெளியிட்டனர். மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றின் அணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, அவற்றின்மேல் சாற்றை இட்டபோது அணுக்கள் மடிந்தன. துஜாச் சாற்றைப் பகுத்துப் பார்த்ததில், துஜோன் மிகுந்த பகுதியே வலியதென்றும், சாதாரண இரத்த அணுக்களை அது அவ்வளவாகத் தாக்கவில்லையென்றும் கண்டனர். இம்முயற்சியை நாம் இகழவில்லை. இதைக் காட்டிக் கடை விரிப்போரையே கண்டிக்கிறோம்.

முதலாவது, அங்கே சோதிக்கப்பட்டது மூலச்சாறு. அதாவது சாராயத்தில் இறக்கிய செடிச்சாறு. கடைகளில் விற்கும் சர்க்கரை உருண்டைகளோ பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்காகப் பலமுறை கரைக்கப்பட்டவை. அவ்வாறு 12 முறை கரைத்தாலே மூலப்பொருளின் ஒரு மூலக்கூறேனும் எஞ்சுவது அரிது. 30 முறை கரைத்ததைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? செடியில் உள்ள பொருள் அணுவைக் கொன்றது என்பது, அப்பொருளே இல்லாத உருண்டைக்கு எங்ஙனம் சாட்சியாகும்?

இரண்டாவது, கிண்ணம் வேறு, உடம்பு வேறு. கிண்ணத்து அணுவின்மேல் சுத்தச் சாராயத்தை ஊற்றினாலும் அது சாகும். ஆகவே சாராயக்கடை புற்றுநோய் மருத்துவமனை ஆகிவிடுமோ? வயிறு, ஈரல், இரத்தம் யாவற்றையுங் கடந்து மருந்து போதிய அளவில் புற்றை அடையவேண்டும். பிற உறுப்பைக் கெடுக்கவுங் கூடாது. அதை மனிதரிடம் முறையாகச் சோதித்துக் காட்டிய பின்னரே மருந்தென்னும் பெயர் தகும்.

மூலிகையைப் பழிக்கிறோம் என்பார் சிலர். இல்லை! நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். நீரிழிவுக்கு ஆகுமா என்று 1950களில் கனடாவில் ஆராயப்போய், அது வெள்ளணுக்களைக் குறைப்பது கண்டனர். அச்செடியிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் மருந்துகள் பிறந்தன. இன்றும் இரத்தப் புற்றுக்கு வின்கிரிஸ்டின் வழங்கப்படுகிறது. செடிக்கு மதிப்புத் தந்தது நம்பிக்கையன்று; அளவும் சோதனையுமே.

தாமதத்தின் விலை என்ன? குணப்படுத்தக்கூடிய புற்றுக்கு முறையான சிகிச்சையை விடுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நாடியோர் இறக்கும் அபாயம் 2.5 மடங்கு என, அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தாரின் ஆய்வு 2018ல் காட்டிற்று. மெலனோமாவோ கருநிறத்தவரிடம் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களிலேயே பெரும்பாலும் தோன்றுவது. தொடக்கத்தில் வெட்டியெடுத்தால் பிழைக்க வழியுண்டு; பரவிவிட்டால் உயிருக்கே உலை.

புற்றுநோய்க்கு மருந்தென்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வதைச் சிங்கப்பூரின் மருந்துச் சட்டமும், இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றன. ஆயினும் சட்டம் சந்துதோறும் நிற்குமோ? ஆங்கிலம் கற்ற நாமே நிற்கவேண்டும். ஆங்கிலத்தில் அச்சானதெல்லாம் வேதமென்று தலையாட்டும் நம் அடிமைப் புத்தியன்றோ இவ்வியாபாரத்தின் முதல்? பாமரர் ஏமாறுவது அறியாமை. படித்தவர் வாய்மூடியிருப்பது குற்றம்.

அத்தொழிலாளியிடம் நாம் சொன்னது இதுவே: “பிரசுரத்தைக் கிழித்தெறியுங்கள், காலை டாக்டரிடம் காட்டுங்கள்.” மண்டலே சாலையில் தேசிய சரும நிலையம் இருக்கிறது, எல்லைக்கு அப்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. தோழர்களே, உங்கள் லயத்திலும் அத்தகைய கால் ஒன்று இருக்கலாம். இன்றே பாருங்கள்!