பூமிக்கு அடியிலும் புறம்போக்கு

வங்கியில் அடமானப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. சர்வே நம்பர் இருக்கும், பரப்பளவு இருக்கும், நாலு எல்லையும் இருக்கும். ஆழம் மட்டும் எந்தப் பத்திரத்திலும் நான் பார்த்ததில்லை. மண்ணின் மேல்தோலோடு காகிதம் நின்றுவிடுகிறது. அடியில் கிடப்பதற்கு வேறு வரைபடம். அதை வரைவது யார், யாருக்காக?

அமெரிக்காவின் ஓக்லஹோமாவைப் பாருங்கள் தோழர்களே. அங்கே வெகு ஆழத்தில் உப்புநீர் ஊறிய பாறைகள் இருக்கின்றன. குடிக்க ஆகாத தண்ணி. ஒரு பக்கம் அதிலிருந்து அயோடின் பிரித்து விற்கிறார்கள். அங்கே அது செல்வம். இன்னொரு பக்கம், எண்ணெயோடு மேலே வரும் கழிவு உப்புநீரை ஆர்பக்கிள் என்ற பாறையடுக்குக்குள் தள்ளினார்கள். அங்கே அது புறம்போக்கு. செல்வமா, குப்பைமேடா என்பதை மேலே குடியிருக்கிற சனங்களிடம் யாரும் கேட்பதில்லை.

தள்ளிய நீரின் அழுத்தம் அடிப்பாறையின் பழைய பிளவுகளை எட்டியது. இறுகிக் கிடந்தவை வழுக்கின. 2009க்கு முன் 3 அளவுக்கு மேற்பட்ட நிலநடுக்கம் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோதான். 2015இல் சுமார் 900! 2016 செப்டம்பர் 3 அன்று பானி என்ற ஊருக்கருகே 5.8. வழுக்கிய அந்தப் பிளவு அதற்கு முன் வரைபடத்திலேயே இல்லை. எங்கே கொட்டலாம் என்று தெரிந்தவர்களுக்கு எது நகரும் என்று தெரியவில்லை.

விரிசல் விட்டது யார் சுவர்? பானி பழங்குடி மக்களின் கட்டடங்கள். 1870களில் நெப்ராஸ்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அன்று காலடி மண் பறிபோனது. இன்று காலடி மண்ணே ஆடியது. அதன் பிறகு 37 கழிவுக் கிணறுகளை மூடச் சொன்னது மாநில நிர்வாகம். அவர்கள் அத்தோடு விடவில்லை. எண்ணெய்க் குத்தகைகளுக்கு ஒப்புதல் தந்த மத்திய அரசு அலுவலகங்கள்மீது அந்த ஆண்டே வழக்குப் போட்டார்கள். 2017இல் எண்ணெய்க் கம்பெனிகளைத் தங்கள் சொந்த நீதிமன்றத்துக்கே இழுத்தார்கள்.

இப்போது கரியமில வாயுவைப் புதைக்கவும் இத்தகைய பாறைகளைப் பல நாடுகளில் அளக்கிறார்கள். அளக்கட்டும். அறிவியலுக்கு நாம் எதிரி இல்லை. ஆனால் பிளவையும் குறிக்காமல், மேலே வாழ்கிற சனங்களையும் குறிக்காமல் வரைந்தது அரை வரைபடம். புதைப்பதற்கு முன்பே அது அவர்கள் கைக்கு வரணும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு வரணும். 'ஒண்ணும் ஆகாது' என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து சொல்கிறவரின் வீடு அந்தப் பாறைக்கு மேலே இருக்கிறதா? முதலில் அதைக் கேட்போம்.