பேரேட்டில் ஏறாத நோய்

"என் வீடு எது?"ன்னு தெருவில் நின்று கேட்டுச்சு எங்கம்மா. 40 வருசமா குடியிருக்கிற வீடு. கூட்டிக்கொண்டு போனேன். "வயசானா அப்படித்தான்" என்றார் எங்க ஊர் டாக்டர். விடாமல் கேட்டேன். "மறதிநோய்தான். சொல்லி என்ன ஆகப்போவுது? குணமாக்க மருந்தில்லை. அனுப்பி வைக்க இங்கே இடமும் இல்லை."

அவர் கெட்டவரில்லை. கையில் ஒன்றுமில்லாத டாக்டர் வேறென்ன சொல்வார்? ஆனாலும் அந்த நியாயத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் வங்கி குமாஸ்தா. பேரேட்டில் ஏறாத கடனை எவனும் கட்டமாட்டான். டாக்டர் எழுதாத நோய்க்கு எந்த அரசும் காப்பகம் கட்டாது. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்நோய் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அதில் எத்தனை பேரிடம் டாக்டர் வாய்திறந்து சொல்லியிருப்பார்?

இன்னொன்று. இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற 14 காரணங்களில் சிறுவயதில் படிப்பு கிடைக்காததும் ஒன்று என்றது 2024இல் லான்செட் ஆணையம். எங்கம்மாவைப் பள்ளிக்கூடம் அனுப்பவிடாமல் நாற்று நடவைத்தது யார்? வயசு மட்டுமா குற்றவாளி?

இப்போ அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் தங்கச்சி. அவள் கூலிவேலை போச்சு. ஊரில் இருக்கிற ஒரே 'சேவை' அவள்தான். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வாசலுக்கே வந்து பார்க்க முடியும் என்று 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டிவிட்டது. மறதியையும் கேட்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தை ஒட்டி ஒரு பகல்நேரக் காப்பகம் திறக்கட்டும்.

டாக்டர் ஐயா, சீட்டில் நோயின் பேரை எழுதுங்கள். இடம் கேட்டுச் சண்டைபோட நாங்கள் இருக்கிறோம்.