இகழ்ச்சி மருந்தாகுமா?

ஒருவனிடத்துள்ள குற்றத்தை வெறுப்பது வேறு. அவனையே வெறுப்பது வேறு. இவ்வேற்றுமையை உணராதார் கற்றோர் நடுவிலும் உளர். நோயை வெறுப்பதாகச் சொல்லிக்கொண்டு நோயாளியை இகழ்வோர் தொகை அண்மைக் காலத்தில் நம்மிடையே பெருகி வருகின்றது. புகைப்போரும் பருத்த உடலினரும் இவ்விகழ்ச்சிக்கு இலக்காகிய இரு சாரார். இவர்களை எவரும் எவ்விடத்தும் எள்ளலாம் என்பது எழுதாச் சட்டமாகிவிட்டது. எள்ளுவோர் அதனைக் குற்றமாகக் கருதுவதில்லை. திருத்த முயன்றோம் என்று பெருமையும் கொள்கின்றனர். அப்பெருமை தகுமா என்பதே ஈண்டு யான் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

முதற்கண் ஓர் ஐயத்தை அகற்றிவிடுதல் நன்று. புகைத்தலுக்குப் பரிந்துபேச யான் முன்வரவில்லை. புகையிலை உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்கின்றது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அளவிறந்த பருமன் நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் வாயிலாதலையும் மறுப்பாரில்லை. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயது நிரம்பாதார்க்குப் புகையிலைப் பொருள்களை விற்றலைத் தடுத்தது. மூடிய பொதுவிடங்களிற் புகைத்தலையும் விலக்கியது. அது வேண்டிய சட்டமே. ஆயினும் அச்சட்டம் எல்லை வகுத்தது செயலுக்கு. ஆளை இகழும் உரிமையை அது எவருக்கும் வழங்கவில்லை.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் புகைக்கு ஒன்றும் வகுத்திலர். அவர் காலத்தில் அவ்விலை இங்கு இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது போர்த்துக்கேயர் வழியாக நம் கரைகளை அடைந்தது. வந்த விருந்தினை நம்மவர் வரவேற்ற விதமோ வியப்புக்குரியது. யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. அப்பயிர் தந்த வருவாயிற் கல்வி கற்று உயர்ந்த குடும்பங்கள் பல. சீனிச்சர்க்கரைப் புலவர் அதனையே பழனி முருகனிடத்துத் தூதாக அனுப்பி ஒரு சிற்றிலக்கியம் இயற்றினார், அந்நூலை உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். மணவீட்டிலே வெற்றிலைத் தட்டத்தில் அதற்கும் ஓர் இடம் இருந்தது.

இவற்றை எண்ணிப் பார்த்தால் நம் தீர்ப்பின் கோணல் விளங்கும். விளைத்தவர் கமக்காரர், விற்றவர் முதலாளி, பாடியவர் புலவர், வெற்றிலையோடு மென்றவர் பெரியவர். பற்றவைத்தவன் ஒருவன் மாத்திரம் உருப்படாதவன்! மெல்லும் புகையிலையும் கொல்லும் என்பதற்கு நம் நாட்டு ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் வாய்ப்புற்றுநோயே சான்று. நம் வெறுப்பு நஞ்சின்மேற் செல்வதாயின் இரண்டின்மேலும் ஒருபடித்தாகச் சென்றிருக்கவேண்டும். அங்ஙனம் செல்லாமையால், நாம் இகழ்வது நஞ்சையன்று, ஆளையே என்பது தெளிவாகின்றது.

அந்த ஆள் யார்? வன்னி மண்ணில் அவனைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காட்டோர வயலிலே யானைக் காவலுக்கு இரவு முழுதும் கண்விழிப்பவன் அவன். போரிலே மனைவி மக்களைப் பறிகொடுத்து, நித்திரை வராத இரவுகளை ஒரு சுருட்டின் துணையோடு கழிப்பவனும் அவனே. நிகோட்டின் மனிதனை அடிமை கொள்ளும் பொருள் என்பதை அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1988இல் வெளியிட்ட அறிக்கை நிறுவியது. அடிமைப்பட்டவனை விடுவிக்கத் துணை வேண்டும், வசைமொழி போதாது. துருக்கியச் சுல்தான் நான்காம் முராத் 1633இல் புகைப்போர்க்கு மரணதண்டனை விதித்தான். அவ்வாளுக்கும் அஞ்சாது நிலைத்த பழக்கம் நம் வாய்ச்சொல்லுக்கு அஞ்சி ஓடுமா? அஞ்சி ஓடுபவன் மனிதனே. மாதக்கணக்கில் இருமுகின்றவன் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குகின்றான். "நீ புகைப்பவன்தானே" என்ற கேள்வியும் அதனோடு வரும் ஏளனப் பார்வையும் அவனைத் தடுக்கின்றன. நோய் முற்றியபின் அவனைக் கட்டிலிற் கிடத்திக் கொண்டுபோகின்றோம்.

இனிப் பருத்த உடலினரை நோக்குவோம். இவர்கள்மேல் நம் மொழியே ஒரு வழக்குத் தொடுத்திருக்கின்றது. கொழுப்பு என்பது ஊனின் நெய். அச்சொல்லையே செருக்குக்கும் வழங்குகின்றோம். தடிப்பு என்பது பருமை. நம் ஊர்வழக்கில் அதுவே இறுமாப்பு. ஆகவே உடல் பருத்தவன் வாய்திறவாமலே செருக்கன் ஆகின்றான். சோம்பன் என்றும் உணவுப் பிரியன் என்றும் முடிவு கட்டப்படுகின்றான். மருத்துவ நூலோ வேறு சொல்லும். பரம்பரைப் பேறு, தைரோயிட்டுச் சுரப்பியின் குறைபாடு, சில மருந்துகளின் விளைவு, கறியும் மரக்கறியும் வாங்க வகையின்றிச் சோற்றையும் சீனித் தேநீரையும் கொண்டு வயிற்றை நிரப்பும் வறுமை ஆகிய யாவும் உடலைப் பருக்கச் செய்வன.

பசியும் பிற்காலத்திற் பருமனுக்குக் காரணமாகலாம் என்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றும். ஒல்லாந்து தேசத்தின் மேற்குப் பகுதியில் 1944-45 மாரிக்காலத்திலே கொடும்பஞ்சம் நிலவிற்று. கருக்காலத்தின் முற்பாதியை அப்பஞ்சத்திற் கழித்த ஆண்மக்கள் 19 வயதெய்தியபோது, அவர்களுள் மிகப் பருத்தோர் தொகை ஏனையோரினும் மிகுந்திருந்தது. 1976இல் வெளியான ஓர் ஆய்வு இதனைக் காட்டியது. இச்செய்தி நம் நெஞ்சைத் தொடவேண்டியது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களிலே முல்லைத்தீவுக் கடற்கரையில் ஒரு வாய்க் கஞ்சிக்கு வரிசையில் நின்ற தாய்மாரின் வயிற்றில் இருந்த பிள்ளைகள், இன்று நம் பாடசாலைகளின் மேல் வகுப்புக்களிற் பயிலும் வயதினர். மே மாதந்தோறும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கையேந்தி வாங்கிக் கண்கலங்குகின்ற நாம், அப்பிள்ளைகளின் உடலைப் பார்த்துப் பகிடி பண்ணலாமா?

யான் கற்பித்த வகுப்பொன்றிலே நாவன்மை மிக்க மாணவி ஒருத்தி இருந்தாள். பேச்சுப் போட்டிக்குரிய உரையைத் தானே எழுதினாள். பேசுவதற்கோ வேறொருத்தியை அனுப்பினாள். காரணம் வினவியபோது, "நான் ஏறினால் மேடை உடையும் எண்டு சொல்லுவினம், ஐயா" என்றாள். சொல்லிவிட்டுத் தானும் சிரித்தாள். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலைத் தொல்காப்பியர் முதலில் வைத்தார். அதற்கு உரை கண்டோர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் எள்ளப்பட்டவழித் தான் நகுதலும் என அதனை இருவகைப்படுத்தினர். அவ்விரண்டாம் வகை நகையின் பொருளை யான் நன்கு உணர்ந்தது அன்றுதான். எள்ளப்பட்டவர் சிரிக்கின்றாராதலின் அவருக்கு நோவில்லை என்று கருதுவது பேதைமை.

கண்டி வீதியிற் செல்லும் ஊர்திகள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நின்று செல்வது நெடுங்கால வழக்கம். பானை வயிற்றுப் பெருமானுக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறியவுடன், பருத்த பயணி ஒருவரைப் பார்த்து, "இவருக்கு இரண்டு ரிக்கற் எடுக்கவேணும்" என்று சிரிப்பாரும் உளர். கோயிலிற் கற்ற பாடம் படியைவிட்டு இறங்குமுன்னே மறந்துபோகின்றது.

வெட்கப்படுத்தினாலன்றித் திருந்தமாட்டார்கள் என்பது எள்ளுவோர் கூறும் நியாயம். நாணுடைமை போற்றத்தக்கதே. ஆனால் வள்ளுவர் கூறும் நாண், தன் தகாத செயல் குறித்து ஒருவன் தன்னுள்ளே கூசுவது. பிறர் கூடி அவன் தலையிற் கொட்டும் அவமானம் நாணன்று. அது அவனை ஒளியச் செய்யும், திருத்தாது. பருத்த பிள்ளை விளையாட்டிடத்தை விட்டொளிகின்றது. ஒளிந்தவிடத்தில் இன்னும் பருக்கின்றது. இத்தகைய இகழ்ச்சி நோயைத் தணியாது வளர்க்கின்றது என்று பலநாட்டு மருத்துவ அறிஞர் 2020இல் ஒருமித்து எடுத்துரைத்தனர். உருவத்தைக் கண்டு இகழாதே என்று தேரின் அச்சாணியைக் காட்டிய வள்ளுவர், மருந்து என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்ணும் முறையையும் வகுத்தார். அறிவுரை கூறினாரேயன்றி எவர் வயிற்றையும் சுட்டி நகைத்தாரல்லர்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூறுவேன். பட்டப்பெயர்கள் பெரும்பாலும் பிறப்பது வகுப்பறையில். சிலவேளை ஆசிரியரின் நாவிலேயே. முதலில் அவற்றை அங்கே ஒழிப்போம். விளையாட்டிலே வேகமில்லாத பிள்ளைக்கும் ஓர் இடம் கொடுப்போம். புகையின் கேட்டினைக் கற்பிக்கும்போது, வகுப்பிலிருக்கும் பிள்ளையின் தந்தை புகைப்பவராயிருத்தல் கூடும் என்பதை நினைந்து சொல்லை அளந்து பேசுவோம். புகைப்பவரைக் கண்டால், "ஏன் இன்னும் விடவில்லை" என்று கேளாமல், "விடுவதற்கு யான் என்ன செய்யலாம்" என்று கேட்போம். அவ்வொரு வினாவுக்கு உள்ள ஆற்றல் ஓராயிரம் ஏளனத்துக்கு இல்லை.