பிதற்றல் எனத் தள்ளப்பட்ட நற்செய்தி

பெரிய வெள்ளியன்று நம் ஆலயங்களில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. பெங்களூருவில் கட்டட வேலைக்குச் சென்றவர்களும், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் தங்கிவிட்டவர்களும் அன்று எப்பாடுபட்டேனும் ஊர் வந்து சேர்கின்றனர். தருமபுரி மாவட்டத்தின் பங்குனி வெயிலில் வெறுங்காலுடன் சிலுவைப்பாதை நடக்கிறோம். சிலுவையை முத்தி செய்யும் வரிசை ஆலய வாசலைத் தாண்டி நீள்கிறது. மறுநாள் நள்ளிரவில் புது நெருப்பிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்படும்போதோ கூட்டம் மெலிந்துவிடுகிறது. ஞாயிறன்று கறிச்சோறு, திங்களன்று பேருந்து நிலையம். நாம் வெள்ளிக்கிழமைக் கிறிஸ்தவர்கள்.

இதற்காக ஏழை எளிய மக்களைக் கடிந்துகொள்வது நம் நோக்கமன்று. மானாவாரி நிலத்தில் மழையை எதிர்பார்த்து ஏமாந்தவனுக்கும், பிழைப்பு தேடி ஊரைத் துறந்தவனுக்கும், அடிபட்ட கடவுளைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படுவதில்லை. உயிர்த்த கடவுளைப் புரிந்துகொள்வதுதான் கடினம். அந்தக் கடினமான பாடத்தை நமக்குச் சொல்லித்தர வேண்டியவர்கள் அதை மிக மலிவாக்கிவிட்டார்கள் என்பதே நம் வழக்கு. "இவ்வுலகில் பொறுத்துக்கொள், மறுவுலகில் மகிமை உண்டு" என்று உயிர்ப்பை ஓர் இழப்பீட்டுத் தொகையாகச் சுருக்கிவிட்டோம். நம்மில் மறைக்கல்வி கற்பித்தவர்களும், அன்பியங்களில் பேசியவர்களும் இப்பழியிலிருந்து தப்ப இயலாது.

நாம் கண்ட பாஸ்கா நாடகங்களை எண்ணிப் பாருங்கள். யூதாசின் பேரத்துக்கு ஒரு காட்சி, பிலாத்துவின் அரண்மனைக்கு ஒரு காட்சி, கற்றூணில் கட்டி அடிப்பதற்கு நெடுநேரம். பொழுது விடியும் வேளையில் கல்லறைக் கதவு திறக்க, வெடிச் சத்தத்துடன் வெண்ணிற ஆடையில் ஒருவர் எழுந்து நிற்க, திரை விழுந்துவிடுகிறது. நற்செய்தி நூல்களில் அதற்குப் பிறகுதான் கதை தொடங்குகிறது. கையில் நறுமணப் பொருள்களோடு சில பெண்கள் வருகிறார்கள், கல் புரட்டப்பட்டிருப்பதைக் காண்கிறார்கள், செய்தி பெறுகிறார்கள், சீடரிடம் ஓடுகிறார்கள். எத்தனை நாடகங்களில் அந்தப் பெண்களுக்கு ஒரு வசனமாவது இருக்கிறது?

லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். மகதலா மரியாவும் யோவன்னாவும் யாக்கோபின் தாய் மரியாவும் பிற பெண்களும் கூறியதைத் திருத்தூதர்கள் பிதற்றல் என்றே கருதினார்களாம், நம்பவில்லையாம். நம் மதத்தின் முதல் மறையுரைக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். பெண்களின் சாட்சியத்தை ஏற்கலாகாது என்பது யூத மரபில் வேரூன்றிய எண்ணம் என முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியுள்ளார். ஒரு நூற்றாண்டு கழித்துத் திருச்சபையை எள்ளி நகையாடிய செல்சு என்னும் அறிஞனும், பித்துப் பிடித்த ஒரு பெண்ணின் பேச்சன்றோ உங்கள் உயிர்ப்பு என்று கேட்டான். கட்டுக்கதை புனைகிறவர்கள் எவரும் அந்நாளில் பெண்களைச் சாட்சிகளாக நிறுத்தியிருக்கமாட்டார்கள். அவ்வாறிருந்தும் நான்கு நற்செய்தியாளரும் அப்பெண்களின் பெயரை நீக்கத் துணியவில்லை.

நீக்கும் வேலையை நாம் பின்னர் செய்துகொண்டோம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பவுலடியார் தரும் சாட்சிகளின் பட்டியலில் கேபாவும் பன்னிருவரும் ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரரும் யாக்கோபும் உளர். மகதலா மரியா இல்லை. 591ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை ஒன்று, அவரையும் லூக்கா கூறும் பாவியான பெண்ணையும் ஒருவராக்கிவிட்டது. சாட்சி சொன்னவளின் நடத்தையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் சாட்சியம் தானே வலுவிழக்கும் என்பதை எந்த ஊர்ப் பஞ்சாயத்தும் அறியும். 1969இல் வழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோதுதான் அந்தக் குழப்பம் விலகியது. 2016ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளைத் திருத்தூதர்களுக்குரிய விழாவின் தரத்துக்கு உயர்த்தினார்.

இவையெல்லாம் எருசலேமின் பழங்கதை என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்தின் அரூர்ப் பகுதிக்கு வரட்டும். சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்றொரு சிற்றூர் இருக்கிறது. மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் ஊர். 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக் கட்டைத் தேடல் என்ற பெயரில் வனத்துறையினர் 155 பேரும் காவல் துறையினர் 108 பேரும் வருவாய்த் துறையினர் 6 பேருமாக அங்கே புகுந்தனர். வீடுகள் நொறுக்கப்பட்டன. தானியங்கள் பாழாக்கப்பட்டன. கிணறுகள் கெடுக்கப்பட்டன. ஊரார் அடித்து இழுத்துச் செல்லப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். அவர்களில் சிறுமியரும் இருந்தனர். குழந்தைகளோடு தாய்மார் சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர்.

அப்பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். அரசு மறுத்தது. தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்திலேயே, பொறுப்புள்ள அலுவலர்கள் இத்தகைய செயலில் இறங்கியிருப்பார்கள் என நம்ப முடியவில்லை என்ற கருத்தோடு மனு தள்ளப்பட்டது. லூக்கா எழுதிய அந்த ஒற்றைச் சொல்லை இங்கே திரும்பவும் படிக்கலாம்: பிதற்றல். அந்தச் சொல்லுக்கு எதிராக நின்று அப்பெண்களை நம்பியவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்டு கட்சியினரும். கடவுளை நம்பாதவர்கள் என்று நாம் மேடைதோறும் ஒதுக்குகிறோமே, அவர்கள்தாம். இதை எழுதும்போது நமக்கு நாணமாக இருக்கிறது.

1995இல் வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், நிகழ்ச்சி நடந்து பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களில் 17 பேர் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளிகள். 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அவ்வூருக்கே நேரில் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதி செய்து, அந்தப் பெண்களுக்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார். முப்பத்தொரு ஆண்டுகள்! பாதிக்கப்பட்டவர்களில் சிலர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டனர்.

இனி நம் கணக்குக்கு வருவோம். 1993ஆம் ஆண்டில் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 11ஆம் நாள் வந்தது. தருமபுரி மறைமாவட்டம் அப்போது பிறக்கவில்லை. 1997இல்தான் அது சேலத்திலிருந்து பிரிந்தது. எனினும் நாம் இங்கேதான் இருந்தோம். அல்லேலூயா பாடினோம். சாவே, உன் கொடுக்கு எங்கே என்று கேட்டோம். அடிவாரத்துப் பெண்கள் சொன்னதைச் செய்தித்தாளில் படித்திருந்தும், "இதில் எவ்வளவு உண்மையோ" என்று மடித்து வைத்தவர்கள் நம்முள் எத்தனை பேர்? அவர்கள் கிறிஸ்தவர் அல்லர், நம் பங்கு மக்கள் அல்லர் என்பதும் ஒரு சமாதானம். உயிர்ப்பின் செய்தியைக் கொண்டுவந்தவர்களும் அன்று கிறிஸ்தவர் என்ற பெயரைப் பெற்றிருக்கவில்லை.

ஆன்மீகப் பத்திரிகையில் ஏன் வழக்கு மன்றம், அரசியல் எதற்கு என்று சில வாசகர்கள் கடிதம் எழுதக்கூடும். ஆன்மாவின் மீட்பு மட்டுமே நம் கவலை என்றால் விசுவாசப் பிரமாணத்தில் உடலின் உயிர்ப்பை அறிக்கையிடாமல் விட்டுவிடலாமே. ஆண்டவர் அடிபட்ட அதே உடலோடு எழுந்தார். தோமையாருக்குக் காட்டப்பட்டவை ஆறாத தழும்புகள். ஆணிகளை அடித்தவர்கள் செய்தது தவறே இல்லை என்றோ, எல்லாவற்றையும் மறந்துவிடு என்றோ அந்த உடல் சொல்லவில்லை. உரோமை ஆளுநன் சட்டப்படி முத்திரையிட்டு முடித்த ஒரு வழக்கைக் கடவுள் மீண்டும் திறந்தார் என்பதும் உயிர்ப்பின் பொருள். 2025ஆம் ஆண்டு யூபிலிக்கு எதிர்நோக்கையே மையப்பொருளாக வைத்துக் கொண்டாடினோம். எதிர்நோக்கு என்றால் என்னவென்று அறிய, தீர்ப்பு நாளுக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் கூலி வேலையை விட்டுவிட்டு நீதிமன்றப் படியேறிய அப்பெண்களைக் கேட்கலாம். வாச்சாத்தியின் தீர்ப்பை உயிர்ப்பு என்று சொல்லும் துணிவு நமக்கு இல்லை, இழந்தவை திரும்பவில்லை. கல்லைப் புரட்டும் வேலை அது என்று மட்டும் சொல்வோம்.

கல் நம் வீட்டு வாசலிலும் கிடக்கிறது. கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று ஒரு பெண் பங்குப் பேரவையின் பெரியவர்களிடம் வந்து சொல்கிறாள் என வைத்துக்கொள்வோம். அவளுக்கு நாம் தரும் பதில் என்ன? "பொறுத்துக்கொள் அம்மா, ஆண்டவர் சிலுவை சுமக்கவில்லையா?" இதைவிடப் பெரிய தெய்வநிந்தனை நமக்குத் தெரியவில்லை. ஆண்டவர் தம் சிலுவையைச் சுமந்தார். பிறர் தோளில் சிலுவையை ஏற்றிவைத்துவிட்டு அதற்குப் புண்ணியம் என்று பெயரிட்டவர் அல்லர். அவள் சொன்னதை நம்புவதற்கு முன் அவனை அழைத்து விசாரிக்கிறோம். அவன் மறுத்துவிட்டால், "குடும்ப விஷயம், வெளியில் சொல்லாதே" என்று அனுப்பிவிடுகிறோம். வெள்ளிக்கிழமையை அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமையை நமக்கும் பங்கிட்டுக்கொண்டோம் போலும்.

பெண் குழந்தையின் உயிருக்கே உறுதியில்லாதிருந்த மாவட்டம் நம்முடையது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேருக்கு இங்கே இருந்த பெண் குழந்தைகள் 826 பேரே. 2011இல் அவ்வெண் 900ஐத் தாண்டியது; தொட்டில் குழந்தைத் திட்டமும் மகளிர் குழுக்களும் சட்டமும் அதில் பங்காற்றின. ஆயினும் "வேண்டாம், இவள் இருக்கட்டும்" என்று பிள்ளை பெற்ற படுக்கையிலிருந்து அக்காலத்தில் கதறிய தாய்மாரின் சொல் எத்தனை வீடுகளில் எடுபட்டிருக்கும்?

அன்பியக் கூட்டங்களுக்குப் பாய் விரிப்பதும், விவிலியம் வாசிப்பதும், தேநீர் தருவதும் பெண்கள். கல்லறைத் தோட்டத்துச் சுவர் முதல் திருவிழாக் கணக்கு வரை முடிவெடுப்பதோ பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் பேசினால், "இவங்க பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாங்க" என்ற சிரிப்பு எழும். நாமும் சிரித்திருக்கிறோம். பேதுருவுக்காவது ஒரு பெருமை உண்டு. நம்பாவிட்டாலும் எழுந்து கல்லறைக்கு ஓடிப் பார்த்தார். நாம் ஓடிப் பார்ப்பதும் இல்லை.

நம் வாசக நூலிலும் ஒரு செய்தி இருக்கிறது. உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை வாசிக்கத் தொடங்கி, ஒன்பதாம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். இரு சீடர்கள் ஓடி வருவது வரைக்கும் அதில் உண்டு. கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மரியாவை ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்ததும், போய்ச் சொல் என்று அனுப்பியதும் பதினோராம் வசனத்திலிருந்து வருகின்றன. அந்தப் பகுதி இரண்டு நாள் தள்ளிச் செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில் வாசிக்கப்படுகிறது. வெளியூர்க்காரர்கள் அதற்குள் பேருந்து ஏறிவிட்டிருப்பார்கள். அன்று காலைப் பூசைக்கு வந்து அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.