மதியிறுக்கக் குழந்தையின் பத்தியமும் நம் பொட்டலமும்

நம் வட்டாரத்துச் சாமையையும் வரகையும் தினையையும் சங்கத்தின் பெயராலே பொட்டலமிட்டுப் பட்டணங்களுக்கு அனுப்புதல் வேண்டும் என்னும் பேச்சு உறுப்பினரிடையே வலுத்து வருகிறது. கல்வராயன் மலைமேல் விளையும் தானியத்துக்கு நல்ல விலை கிடைக்குமாயின் அதனை வரவேற்காதார் யார்? ஆயினும், அப்பொட்டலத்தின்மேல் ‘மதியிறுக்கக் குழந்தைகட்கு மருந்துணவு’ என்று ஒரு வரி அச்சிட்டால் விலை இருமடங்காகும் என்று கூறுவாரும் உளர். அவ்வரியை நாம் அச்சிடலாகாது என்பதே என் கருத்து. அதனைக் கூறுவதோடு நில்லாமல், அத்தகைய குழந்தைகளையுடைய குடும்பங்கட்கு நம் சங்கம் மெய்யாகச் செய்யக்கூடியது யாது என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

மருத்துவர் ஆட்டிசம் என்று வழங்கும் மதியிறுக்கம் தொற்றுநோயன்று. தாய் வளர்த்த குறையுமன்று. முன்வினையென்று தலைகுனிய வேண்டியதுமன்று. மூளையின் வளர்ச்சியில் மிக இளமையிலேயே அமைந்துவிடும் வேறுபாடு அது. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் அது தனியொரு நிலையாக அறியப்பட்டது. அக்குழந்தைகளிற் பலர் பிறந்த நாள் முதலே உணவில் தொல்லைப்பட்டதை அவரே குறித்திருக்கிறார். உலகில் 127 பேருக்கு ஒருவர் இந்நிலையினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குக் கணித்துள்ளது. ஆயிரம் பேர் வாழும் சிற்றூரில் ஏழெட்டுப் பேர் என்பது அதன் பொருள். நம் ஊர்களில் அவ்வளவு பேரைக் காணோமே என்று வியப்போர், எத்தனை வீடுகளில் குழந்தை வெளியே அழைத்து வரப்படாமல் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்குழந்தைகளின் வயிற்றுத் தொல்லை கற்பனையன்று. முன்னர் வெளிவந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, பிற குழந்தைகளைக் காட்டிலும் இவர்கட்கு வயிற்றுக் கோளாறு நேரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். மலச்சிக்கல் நேரும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல். ‘வயிறு வலிக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்லமாட்டாத குழந்தை தன் வலியை வேறு வகையால் காட்டும். கட்டில் விளிம்பிலோ தறிமரத்தின் ஓரத்திலோ வயிற்றை வைத்து அழுத்திக்கொள்ளும். நள்ளிரவில் எழுந்து வீறிடும். தலையைச் சுவரில் மோதும். தன் கையைத் தானே கடிக்கும். வீட்டார் இதனைப் பிடிவாதமென்பர். சிலர் ‘அந்நோயின் குணமே அதுதான்’ என்று விட்டுவிடுவர். 2010ஆம் ஆண்டில் அமெரிக்க வல்லுநர்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, இத்தகைய மாறுதலைக் கண்டால் உடல்நோவு உண்டா என்று பார்த்தல் வேண்டுமென்றும், மதியிறுக்கம் உண்டு என்பதற்காக மற்றக் குழந்தைகட்குச் செய்யும் சோதனை எதையும் இவர்கட்குக் குறைத்தல் கூடாதென்றும் வலியுறுத்திற்று.

இதில் ஏமாற்றும் நிலை ஒன்றுண்டு. பல நாள் கட்டிய மலம் குடலில் இறுகிக் கிடக்க, அதன் ஓரமாக நீர்த்த மலம் கசிந்து துணியை நனைக்கும். தாய் அதனைப் பேதியென்று எண்ணிக் கீரையையும் பழத்தையும் நிறுத்தி வெறுங்கஞ்சி கொடுப்பாள். சிக்கல் மேலும் இறுகும். கைதேர்ந்த மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே இதனைப் பெரும்பாலும் அறிவார். மலமிளக்கும் மருந்தும், போதிய தண்ணீரும், உணவுக்குப் பின் நாள்தோறும் சற்று நேரம் கழிப்பிடத்தில் அமர்த்தும் பழக்கமும் இதற்கு வழி. சில மாதங்கள் பொறுமையாகத் தொடர வேண்டியிருக்கும். இத்தனை எளிய வழியிருக்க, அதனை நாடாமல் பாலையும் கோதுமையையும் விலக்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு என்பதுதான் வருத்தத்துக்குரியது.

பத்தியம் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர் மருந்து கொடுத்தால் புளியை விலக்குவதும், பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு ஆக்குவதும் நம் வீடுகளின் வழக்கம். ஆனால் அப்பத்தியத்துக்கு நாள்கணக்கு உண்டு, முடிவும் உண்டு. இன்று கைப்பேசி வழியாக வீடு தேடி வரும் பத்தியத்துக்கோ முடிவு சொல்வார் இல்லை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதமும் பாலிலுள்ள கேசீன் என்னும் புரதமும் குழந்தையின் வயிற்றில் அரைகுறையாகச் செரித்து, அபின் போன்ற பொருளாகி, மூளையைத் தாக்குகின்றன. அவற்றை விலக்கினால் குழந்தை பேசத் தொடங்கும் என்பது அதன் வாதம். கேட்பதற்கு முறையாகத்தான் இருக்கிறது. பேசாத பிள்ளையைப் பெற்றவள் எதைத்தான் செய்து பாராள்?

இவ்வாதத்தைச் சோதித்துப் பார்த்தவர் உளர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 14 குழந்தைகளை இப்பத்தியத்தில் நிறுத்தினர். பிறகு, பெற்றோரும் உற்றுநோக்குவோரும் இன்னதென்று அறியாவண்ணம், கோதுமை கலந்த தின்பண்டத்தையும், பால் கலந்ததையும், இரண்டும் கலந்ததையும், எதுவும் கலவாததையும் வெவ்வேறு நாளில் கொடுத்துப் பார்த்தனர். நடத்தையிலோ உறக்கத்திலோ மலப்போக்கிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2016இல் அது வெளியாயிற்று. 14 பேர் என்பது சிறு தொகையே. எனினும் இவ்வளவு கட்டுப்பாட்டோடு செய்த சோதனைகள் சிலவே உள்ளன. ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்பார் 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு, தடுப்பூசியையும் குடலையும் மதியிறுக்கத்தையும் ஒன்றோடொன்று முடிச்சிட்டு 1998இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை, நேர்மையற்றதென்று 2010இல் அவ்விதழாலேயே நீக்கப்பட்டது; அவரும் மருத்துவர் பதிவேட்டினின்று நீக்கப்பட்டார். அந்த வதந்தி மட்டும் இன்னும் ஓயவில்லை. அதை நம்பித் தடுப்பூசியை மறுப்பவர் பிள்ளைக்குத் தீங்கே தேடுகின்றனர்.

பயனில்லாவிட்டாலும் தீங்கில்லையே, செய்து பார்த்தால் என்ன என்று கேட்கலாம். தீங்கு உண்டு. 2008இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மதியிறுக்கமுள்ள சிறுவரின் எலும்பின் கனம் இயல்பினும் குறைந்திருப்பதையும், பாலை விலக்கிய சிறுவர்க்கு அக்குறை மேலும் மிகுந்திருப்பதையும் கண்டது. இக்குழந்தைகளிற் பலர் இயல்பாகவே நாலைந்து பொருளுக்கு மேல் உண்ணார். தயிர்ச்சோறும் பிஸ்கட்டும் மட்டுமே உண்ணும் குழந்தையிடமிருந்து அவ்விரண்டையும் ஒரே நாளில் பறித்தால் எஞ்சுவது வெறுஞ்சோறு. காயும் பழமும் தொடாத இத்தகைய குழந்தைகட்கு ஸ்கர்வி என்னும் நோய் கண்டு, ஈறு வீங்கி, கால் ஊன்றமாட்டாமல் மருத்துவமனை சேர்ந்த செய்திகள் பல நாட்டு மருத்துவ ஏடுகளில் வந்துள்ளன. கப்பலோட்டிகளை வருத்திய பழைய நோய் அது. ஒரு கொய்யாப் பழத்தால் தடுக்கக்கூடியது.

கோதுமையை முற்றிலும் விலக்கியே ஆகவேண்டிய நோயும் ஒன்றுண்டு. அதன் பெயர் செலியாக். குளூட்டன் பட்டவுடன் உடலே தன் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைத்துக்கொள்ளும் நோய் அது. நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் டிக்கே, போர்க்காலத்தில் ரொட்டிக்குப் பஞ்சம் வந்தபோது நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் நலிந்ததையும் கண்டு, தம் ஐயம் உறுதிப்பட்டு, 1950இல் ஆய்வேடாக எழுதினார். நம் நாட்டில் கோதுமையுண்ணும் வடபுலத்தில் அது மிகுதி. தென்னாட்டில் மிக அரிது. அரிதாயினும் மதியிறுக்கக் குழந்தைக்கும் அது வரலாம். இங்கே பெற்றோர் கருத்தில் இருத்த வேண்டியது ஒன்று: அதற்குரிய இரத்தச் சோதனையைக் கோதுமை உண்ணும் காலத்திலேயே செய்தல் வேண்டும். பத்தியம் தொடங்கிச் சில மாதம் கழித்துச் சென்றால், நோய் இருந்தும் இல்லையென்றே சோதனை கூறக்கூடும். ஆகவே முதலில் மருத்துவர், பிறகே பத்தியம். கள்ளக்குறிச்சியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மேற்கொண்டு வேண்டுமாயின் புதுவை ஜிப்மரும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் எட்டாத தொலைவில் இல்லை.

மருத்துவர் பத்தியம் வேண்டுமென்றால் அதனை எவ்வாறு காப்பது? துணியில் குறை தெரிந்தால் பாவையும் ஊடையையும் அச்சையும் ஒரே நாளில் மாற்றும் நெசவாளர் உண்டா? ஒன்றை மாற்றிப் பார்ப்பார். குறை நீங்காவிடில் அதனைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைப் பார்ப்பார். உணவிலும் அவ்வாறே. ஒரு பொருளை மட்டும், மருத்துவர் குறித்த வாரங்களுக்கு மட்டும் விலக்கி, மலம், உறக்கம், அழுகை ஆகியவற்றை நாள்தோறும் ஒரு நோட்டில் எழுதி வரவேண்டும். பின் அதனைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உண்டவுடன் உடல் தடிக்கும், முகம் வீங்கும் ஒவ்வாமையாயின் அச்சோதனையை வீட்டில் செய்யலாகாது. பாலால் வயிறு உப்பும் குழந்தைகளிற் சிலர்க்குப் பாலின் சர்க்கரை செரியாமையே காரணம். அவர்கட்குத் தயிர் ஒத்துக்கொள்வதும் உண்டு. பாலை விலக்கியே தீரவேண்டுமாயின் அதன் இடத்தில் இன்னொன்று வந்தாக வேண்டும். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. முளைகட்டி அரைத்தால் உடல் அதனை ஏற்பது எளிதாகும். எள்ளும் முருங்கைக்கீரையும் முட்டையும் மலைக்கு அப்பாலிருந்து வரவேண்டியவை அல்ல.

கோதுமையின்றி உண்பது நமக்கு ஒரு சுமையே அன்று. இட்டிலி, தோசை, ஆப்பம், புட்டு, களி, கூழ், மரவள்ளிக் கிழங்கு என எதிலும் குளூட்டன் இல்லை. பட்டணத்துக் கடையில் பன்மடங்கு விலைக்கு விற்கும் ‘குளூட்டன் இல்லா’ ரொட்டியும் பிஸ்கட்டும் வாங்க நெசவுக் கூலியை அழிக்கத் தேவையில்லை. கோதுமை மறைந்து நுழையும் வாயில்களை மட்டும் அறிதல் வேண்டும்: ரவை, சேமியா, மைதா, பார்லி மால்ட் சேர்ந்த ஊட்டபானத் தூள், மாவு கூட்டிய கட்டிப் பெருங்காயம். 2022 முதல் பள்ளிகளில் வழங்கும் காலை உணவிலும் ரவையும் சேமியாவும் வரும் நாள் உண்டு. செலியாக் உள்ள குழந்தையின் பெற்றோர் சமைப்போரிடம் முன்னரே சொல்லி வைத்தல் நன்று.

சாமை நல்ல தானியம், அது மருந்தன்று. மலச்சிக்கலுள்ள குழந்தைக்கு நார்மிகுந்த தானியத்தை ஒரே நாளில் மிகுதியாகக் கொடுத்துத் தண்ணீரைக் குறைத்தால் தொல்லை கூடும். புதிய உணவை அஞ்சும் குழந்தைக்கு நாலில் ஒரு பங்கு சாமை கலந்த இட்டிலியை, அது வழக்கமாக உண்ணும் அதே தட்டில், அதே வடிவில் வைத்து, வற்புறுத்தாமல் பல நாள் காத்திருக்க வேண்டும். இதனையெல்லாம் பொட்டலத்தின்மேல் ஒரு வரியில் அச்சிட முடியுமா? ‘மருந்துணவு’ என்னும் சொல்லை மட்டும் அச்சிடுவோமாயின், பேசாத பிள்ளையைப் பெற்றவளின் ஆசையை விலைக்கு விற்கும் வணிகரோடு நாமும் சேர்ந்தவராவோம். உணவுப் பொருளுக்குப் பொய்யான விளம்பரம் செய்வோர்க்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் 10 இலட்ச ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது என்பது வேறு. தண்டத்துக்கு அஞ்சியா சங்கம் நடத்துகிறோம்?

சங்கம் செய்யக்கூடியது மாவு இயந்திரத்தில் இருக்கிறது. மிளகாய் அரைத்த இயந்திரத்தில் அடுத்துத் தம் அரிசியைக் கொட்ட எவரும் உடன்படார். கோதுமை அரைத்த இயந்திரத்தைப் பற்றி எவரும் கவலுவதில்லை, காரம் தெரியாத காரணத்தால். செலியாக் நோயுற்றவர்க்கு அந்த ஒட்டுமாவே போதும், குடல் புண்பட. குளூட்டன் இல்லை என்று எழுத வேண்டுமாயின் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. களத்தில் துப்புரவு, தனிச் சாக்கு, தனி இயந்திரம் ஆகிய மூன்றுமின்றி அவ்வளவைக் காத்தல் அரிது. தனி இயந்திரம் வாங்கும் வரை, கோதுமை அரைப்பதை வேறோர் இயந்திரத்துக்கு மாற்றிவிடலாம். சோதனைச்சாலையில் மாதிரி கொடுத்து, எண் வந்த பின்னரே ‘குளூட்டன் இல்லை’ என்னும் சொல்லைப் பொட்டலத்தில் ஏற்றலாம். அது மெய்யான சொல். அதற்குரிய விலையும் கேட்கலாம்.

மற்றொன்று, அலுவலகத்தில் செய்ய வேண்டியது. மதியிறுக்கம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் மருத்துவச் செலவுக்கு ஓர் இலட்ச ரூபாய் வரை பெற வழியுண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாமையால் அதனை இழப்போர் நம் உறுப்பினரிலும் இருக்கக்கூடும். கடன் விண்ணப்பம் எழுதித் தரும் நம் எழுத்தர் இதனையும் எழுதித் தரலாம்; பெயரை வெளியிடாமல் பதிந்து வைக்கலாம். அக்குடும்பங்கட்குச் சாமையரிசியும் கேழ்வரகு மாவும் கொள்முதல் விலையோடு அரைகூலி மட்டும் சேர்த்துத் தரலாம். இவ்விரண்டையும், பொட்டலத்தின் வாசகத்தையும் சேர்த்து அடுத்த பொதுக்குழுவில் ஒரே தீர்மானமாகக் கொணர எண்ணியுள்ளேன். வழிமொழிய இசைவோர் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னதாகச் செயலரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.