தூக்கத்தை விற்றுப் படிக்கும் பிள்ளைகள்

கட்டுமாவடி மீன் மார்க்கெட்டில் ஒரு விடியற்காலை. பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஐஸ் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க் பாட்டிலைத் திறந்தான். “ராத்திரி ஒண்ணு குடிச்சாத்தான் படிக்க முடியுது. அப்புறம் தூக்கமே வர மாட்டேங்குதுண்ணே. காலையில கண்ணு எரியும், இன்னொண்ணு குடிப்பேன்” என்றான். அவன் வீட்டில் ஐந்து பேர், ஓர் அறை. மற்றவர்கள் தூங்கிய பிறகுதான் அவனுக்குப் படிக்க இடம் கிடைக்கிறது.

இந்தப் பானத்தில் உள்ள கஃபீன் களைப்பைப் போக்குவதில்லை. ‘களைத்துவிட்டாய்’ என்று மூளைக்குச் சொல்லும் அடினோசினின் வேலையைக் கஃபீன் தடுக்கிறது, அவ்வளவுதான். இந்திய விதிப்படி லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபீன் இருக்கலாம். அப்படியானால் 250 மில்லி பாட்டிலில் 75 வரை. குடித்து சுமார் ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதில் பாதி உடம்பிலேயே இருக்கும். பதின்வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்ற எச்சரிக்கை பாட்டிலில் இருக்கிறது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

‘இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தான்’ என்று கடந்துபோவது எளிது. ஆனால் தனி அறையும் டியூஷனும் உள்ள பிள்ளையின் விழிப்பும், மீன் பெட்டி சுமக்கும் பிள்ளையின் விழிப்பும் ஒன்றல்ல. நிலம், வீடு, படிப்பு போலவே ஓய்வையும் இந்தச் சாதியச் சமூகம் சமமாகப் பங்கிடவில்லை.

பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீட்டில் இருந்தபோது, இரவு இரண்டு மணிக்கு அப்பா ராம்ஜி மகனை எழுப்பிப் படிக்க வைத்துவிட்டு, அந்த இடத்தில் தான் படுத்துக்கொள்வார் என்று அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இதை உழைப்புக்கு உதாரணமாகவே மேடைகளில் பேசுகிறோம். படுக்க இருவருக்கும் இடமில்லை என்ற அநீதியை அதில் பார்ப்பதில்லை. நானும் விதிவிலக்கல்ல. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். ‘மூன்று மணி நேரம்தான் தூங்கினேன்’ என்று மாணவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன். அந்தப் பெருமையைத்தான் கம்பெனிகள் 20 ரூபாய்க்கு விற்கின்றன.

2012இல் ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம், தூக்கத்தை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு இணைத்துப் பேசியது. லித்துவேனியா 2014இலும் போலந்து 2024இலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தப் பானங்களை விற்கத் தடை விதித்தன. இங்கே கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதே எல்லையை இதற்கும் போடலாம். எச்சரிக்கையைத் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிட வைக்கலாம்.

ஆனால் பாட்டிலைப் பிடுங்கினால் மட்டும் அந்தப் பையன் தூங்கிவிட மாட்டான். மாலையில் உட்கார்ந்து படிக்க ஊருக்குள் ஒரு வெளிச்சமான அறை வேண்டும். அவன் ஐஸ் பெட்டி தூக்காமலே அடுப்பெரிய அப்பா அம்மாவுக்குக் கட்டுப்படியாகும் கூலி வேண்டும். தோழர்களே, எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய மரபு நம்முடையது. நம் பிள்ளைகளின் எட்டு மணி நேரத் தூக்கத்தையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம்.